தும்பைக்கு வந்த ஜுரம்

...சத்தம் இருக்கும்வரை பயமில்லை, பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சின்ன கர்ரென்ற மூச்சு வந்துகொண்டே இருந்தால் போதும், நின்றால்தான்... நின்றுவிட்டதோ, என்று பகவதியம்மாள் மடியிலிருந்த ஓலைப்பெட்டியின் மூடியை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிப் பார்த்தாள். பழைய வேட்டித் துணிக்குள் வெள்ளையாக ஒரு சுருள், சுருளின் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு மூக்கு, மூக்கின் நுனியில் ஒரு நீர்த்துளி. தும்மிற்று. தும்மட்டும், தும்மினால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம். வில்வண்டி பழவங்காடி திரும்பும்போது மழை சாய்ந்து உள்ளே அடித்தது, கர்க்கடக மாதத்து ஆடி மழைக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்றும் கிடையாது, முந்தானையை இழுத்துப் பெட்டியின்மேல் போட்டாள், தன் முதுகு நனைந்தால் நனையட்டும். வண்டிக்காரத் தங்கப்பன் சாக்கை இழுத்துக் கட்டிவிட்டு, "அம்மே, பெட்டியில எந்தாக்கும், கோழியா?" என்றான். சைவ வீட்டு அம்மாள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு எங்கே போவாள் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்காமல் மாட்டை அதட்டினான். என்னவென்றுதான் சொல்வது? கீரி மாதிரி இருக்கும், கீரி இல்லை. மரநாய் ஜாதி என்றான் மகன் திரவியம், ஆனால் மரத்தில் ஏறாது. இங்கிலீஷில் ஃபெரட் என்று பேர், அவள் வாயில் அது பெரட்டு என்றுதான் வரும், அதனால் தும்பை என்று வைத்துக்கொண்டாள். தும்பைப் பூவைப்போல் அத்தனை வெள்ளை. இப்போது அந்த வெள்ளை மங்கி, பழைய பஞ்சு மாதிரி... சீக்கிரம் போப்பா. ஆனால் கச்சேரிப் பக்கம் மட்டும் மெதுவாகப் போகாதே.

ஏனென்றால் சர்க்கார் ஆபீஸான ஹஜூர் கச்சேரியைத் தாண்டித்தான் மிருக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கச்சேரியின் மாடி ஜன்னல்களில் எதன் பின்னால் அவர் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாது. பூதலிங்கம் பிள்ளை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, மனத்துக்குள் மட்டும் எப்போதாவது, கோபம் வரும்போது, முழுப் பேராகச் சொல்லிக்கொள்வாள். இன்றைக்குக் காலையில் அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கும்வரை அடுக்களையில் நின்று பாத்திரத்தை வீணாக உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் தெரு முக்குத் திரும்பியதும் பின்கட்டுக்கு ஓடினாள். அந்த ஜந்துவை வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள் என்று தெரிந்தால் என்ன சொல்லுவார்? ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் பயம். அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. முன்பு பேசுகிற மனுஷர்தான். சாலைக்கடைக்குப் போய்வந்தால் கத்திரிக்காய் வாங்கின கதையையே அரைமணி நேரம் சொல்லுவார், கடைக்காரன் மாதிரியும் தன்னை மாதிரியும் குரல் மாற்றிப் பேசிக் காட்டுவார், திரவியம் சின்னவனாக இருந்தபோது அதைக் கேட்டுச் சிரித்து அவனுக்குப் புரைக்கேறும். அந்தக் குரல் எங்கே போயிற்று. இப்போதெல்லாம் சோறு, தண்ணி, போதும், கதவைச் சாத்து.

காலேஜில் வெள்ளைக்காரப் புரொபசர் ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது, லெபரட்டரியில் தனக்கு உதவியாக இருந்த திரவியத்திடம் இதைக் கொடுத்துவிட்டுப் போனார். அவனும் ஒரு பிள்ளையை எடுத்து வருகிறமாதிரி சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான், சட்டைப் பித்தான்களுக்கு நடுவில் சிவந்த இரண்டு கண்கள், அவள் அலறிப்போனாள். பிறகு எலிசாள் விஷயம். ஆஸ்பத்திரி நர்ஸ், மார்த்தாண்டத்துப் பக்கம், வேதக்காரப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். "அவள அல்லாம வேற யாரையும் கெட்டமாட்டேம்ப்பா" என்று அவன் சொன்னதும் அவர் எழுந்துபோய்க் குளித்துவிட்டு வந்தார், வந்து, "அப்பம் இந்த வாசல்படிய மறந்திரு" என்றார், அவ்வளவுதான் பேச்சு. அவன் மறந்துவிட்டான், அல்லது மறந்ததாக வைராக்கியம் பிடித்தான், அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான். ஜெகதியில் ஒரு வீடு எடுத்து இருந்தார்கள், பிறகு கொழும்பில் வேலை கிடைத்தது, கப்பலில் இந்த ஜீவனைக் கொண்டுபோக முடியாது. அவன் படி ஏறமாட்டான், அதனால் எலிசாள் வந்தாள். அவர் கச்சேரிக்குப் போயிருந்த நேரம், பின்வாசல் வழியாக, இதே ஓலைப்பெட்டியோடு. கறுப்பாக, மெலிவாக, கண்ணில் பயமே இல்லாத பெண். உள்ளே வா என்றதற்கு, "வேண்டாம் அத்தை, மாமா வந்தா உங்களுக்குல்லா பேச்சு" என்றாள். அத்தை. பகவதியம்மாள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு அந்தப் பெண் கிணற்றடியில் குத்தவைத்து உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், வெயில் ஆகாது, ஈரத் துணி போடணும், பாலில் முட்டை அடித்துக் கொடுக்கணும்... முட்டையா என்று பகவதியம்மாள் முகம் சுளித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கண்ண மூடிக்கிட்டு உடைச்சிருங்க அத்தை" என்றாள். அப்படித்தான் இன்றுவரை. பக்கத்து வீட்டுச் சரோஜத்திடம் முட்டையை வாங்கி, முந்தானையில் மறைத்து, பின்கட்டில் தும்பையை வைத்திருக்கும் விறகுப்புரையில் ஒரு கொட்டாங்கச்சியில் கண்ணை மூடிக்கொண்டு உடைத்து, பிறகு குளியல். மழைக்காலத்தில் எத்தனை குளியல். எழுந்து போகும்போது எலிசாள் இன்னொன்றும் சொன்னாள், "நாய்க்கு ஒரு காய்ச்சல் வரும் அத்தை, கண்ணுல பீளை தள்ளி, மூக்கு ஒழுகி, கைகால் இழுத்து வெட்டு வந்து சாகும், அது மட்டும் இதுக்கு வந்திரப்பிடாது. வந்தா பிழைக்காதுன்னு அந்தத் துரை சொன்னாராம்." சொன்னாள்தானே, காதில் விழுந்ததுதானே. சரோஜத்தின் நாய் வேலியில் இருந்த ஓட்டை வழியாக வரும், விறகுப்புரைக் கதவின் இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்க்கும், உள்ளேயிருந்து தும்பையும் மூக்கை வைக்கும், இரண்டும் என்ன பேசிக்கொள்ளுமோ, பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனி மாதக் கடைசியில் அந்த நாய் கண்ணில் பீளை தள்ளி, மூக்கு ஒழுகி, வெட்டு வந்து செத்தது. சரோஜம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பகவதியம்மாளும் சாப்பிடவில்லை, அது நாய்க்காக இல்லை. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலை விறகுப்புரைக்குப் போய் மூக்கைப் பார்ப்பதுதான், காய்ந்திருந்தால் நிம்மதி. நேற்று முன்தினம் காயவில்லை. நேற்றுப் பாலைத் தொடவில்லை. இன்றைக்குப் பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் சாய்ந்து சாய்ந்து வந்து அவள் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்தது.

கச்சேரி வந்தது, போயிற்று. மழைக்கு ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. அவள் தலை குனிந்துகொண்டாள், குனியும்போதே நினைத்தாள், அவன் கொழும்பிலிருந்து கேட்டால் என்ன சொல்வேன், நீ விட்டுப்போனது இருந்தது, இப்போது இல்லை என்றா. ஆரம்பத்தில் அவன் போட்ட கடிதங்களை அவர் தபால்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார், பிறகு கடிதம் நின்றது. அவனுடையதாக வீட்டில் மிச்சமிருப்பது இந்த மூச்சு ஒன்றுதான். இது நின்றுபோனால் அந்த வீட்டில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை... போதும், அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் தங்கப்பன் இறங்கி அவள்மேல் பனையோலைக் குடையைப் பிடித்தான். வராந்தாவின் கோடியில் குளம்புநோய் வந்த ஒரு பசு, வாயிலிருந்து எச்சில் கயிறுபோலத் தொங்க, தனியாகக் கட்டப்பட்டு நின்றது, அதன் பக்கத்தில் போகாதபடி ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்கள், மூங்கிலுக்கு இந்தப்புறம் பசுவின் சொந்தக்காரர் நின்று, தொடமுடியாமல், அதோடு ஏதோ பேசிக்கொண்டேயிருந்தார். பகவதியம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றிலும் ஆண்கள், ஆடுகள். ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோவு வந்த ஜீவனை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு மற்றவர்கள் முகம் கண்ணில் படாதுபோலும்.

டாக்டர் வெங்கடேஸ்வரன் சின்ன வயசு, கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பிள்ளை, சென்னையில் படித்துவிட்டு வந்தவர், திரவியத்தைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும். மூடியைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. "இதை நான் புஸ்தகத்துல படமாத்தான் பாத்திருக்கேன் அம்மா, இந்த ஊர்ல இருக்குன்னே தெரியாதே" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, "எத்தனை நாளா இப்படி? பக்கத்துல நாயேதும் செத்துதோ?" என்று கேட்டார். செத்தது என்றாள். கதவிடுக்கில் மூக்கோடு மூக்கு வைத்ததையும் சொன்னாள். டாக்டர் உஷ்ணம் பார்த்தார், ஜுரம் இருக்கிறது என்றார். கண் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். "தாடைக்குக் கீழே பாக்கணும். நாய்ட்டேருந்து வந்த நோவா இருந்தா முதல்ல அங்கதான் சிவந்து தடிக்கும், பின்னே உள்ளங்கால் தடிச்சுப்போகும்." தும்பையின் கழுத்தின் பின்பக்கம் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார். அது எதிர்க்கவில்லை, நல்ல நாளாக இருந்தால் இந்நேரம் கையைச் சுற்றிப் பாம்பாக நெளிந்திருக்கும். தாடைக்குக் கீழே, வெள்ளை ரோமத்துக்குள், பழுப்பாக ஒரு திட்டு.

அவளும் பார்த்துவிட்டாள். இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று, காலையில் மூக்கைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், தாடையைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று தோன்றாமல் போயிற்றே... டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார், மழை வெளிச்சம், போதவில்லை, விளக்கைப் போட்டார். அதற்குள் பகவதியம்மாள் பின்கட்டில் எந்த இடத்தில் என்றுகூட யோசித்துவிட்டாள், தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில் மண் இளகியிருக்கும், சரோஜத்தைத் துணைக்குக் கூப்பிடலாம், அவருக்குத் தெரியாமல் செய்துவிடலாம்... டாக்டர் பஞ்சை நனைத்துத் திட்டின்மேல் வைத்து ஒருமுறை தேய்த்தார். பஞ்சு பழுப்பாயிற்று. இன்னொருமுறை. ரோமம் வெளுத்தது, அடியில் தோல் சுத்தமான இளஞ்சிவப்பாக, ஒரு பொரியோ தடிப்போ இல்லாமல் இருந்தது. பஞ்சை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பலமாகத் தும்மினார், அடுத்தடுத்து இரண்டு தும்மல், கண்ணில் நீர் வந்துவிட்டது. "அய்யோ, இது பொடின்னா. மூக்குப்பொடி. நல்ல பட்டணம் பொடி." அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிக்க வரவில்லை, அந்த வாசனை அவளுக்கும் வந்துவிட்டது. கலியாணமான நாளிலிருந்து தலையணையில், துண்டில், கதவுக் கைப்பிடியில்கூட இருக்கும் வாசனை.

"ஆத்துல பொடி போடறவா உண்டோ?" என்றார் டாக்டர், உள்ளங்கால்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே. "அவரு... போடுவாரு." "அவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்துதோ இப்போ?" போன வாரம் முழுக்கப் படுத்திருந்தார். நல்ல ஜுரம், மேல்வலி, இருமல். கச்சேரியில் பாதிப்பேருக்கு இன்ஃப்ளூயன்ஸா, அங்கேயிருந்து வாங்கிக்கொண்டு வந்தார் என்றாள். டாக்டர் தலையாட்டினார். "அப்போ சரிதான். பாதம் மெத்துனு இருக்கு, தாடை சுத்தமா இருக்கு. இது நாயோட நோவில்லை அம்மா, உங்காத்துக்காரரோட ஜுரம். மனுஷாளோட இன்ஃப்ளூயன்ஸா இந்த ஜந்துவுக்கு அப்படியே பிடிக்கும்னு சீமையில மூணு நாலு வருஷம் முந்திதான் கண்டுபிடிச்சா. முகத்தோட முகம் வச்சுக் கொஞ்சியிருப்பார், வேறென்ன." அவள் அவசரமாக, "இல்ல, அவரு இதத் தொடவே மாட்டாரு. கண்ணுல பட்டா ஆத்து வெள்ளத்துல கொண்டு விட்டிருவேன்னு சொன்னவராக்கும்" என்றாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "தூரத்துல இருந்தா பிடிக்காது அம்மா" என்றார், அவ்வளவுதான், அதில் வேறு ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. இளஞ்சூட்டில் பால், குளிர் படாமல் மூடி வைக்கணும், தொட்டால் கை கழுவணும், ஒரு வாரத்தில் எழுந்து ஓடும், ஓடாவிட்டால் கொண்டு வாருங்கள், ஸாரமில்லை, பயப்பட ஒன்றுமில்லை. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிழைத்துவிடும் என்று சொன்னதுகூட இரண்டாவதாகத்தான் மனத்துக்குள் இறங்கியது.

வண்டி திரும்பியது. மழை விட்டிருந்தது, இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போது? படுத்திருந்தாரே, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாரே, கஞ்சியைக்கூட நான்தானே தலையைத் தூக்கிப் பிடித்து... ஆனால் சாயந்தரம் சாயந்தரம், "நீ கோயிலுக்குப் போகல்லையா" என்று கேட்டாரே. ஜுரத்தில் கிடக்கிற மனுஷரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றால், "போயிட்டு வா, எனக்காகத்தான் போயேன்" என்றாரே. தனக்காகவே போகச் சொல்கிறார் என்று நம்பி, சந்நிதியில் நின்று கண்ணீர் விட்டேனே. அப்போது, நான் போன பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அந்தப் பின்கட்டு வழுக்குப் பாசியில் நடந்து... விழுந்திருந்தால்? கோபம் வந்தது, பூதலிங்கம் பிள்ளை என்று மனத்துக்குள் முழுப் பேராகச் சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியானால் தை மாசம் சுசீந்திரத்துக் கலியாணத்துக்கு அவள் மட்டும் போயிருந்தபோது? முட்டைக்கும் பாலுக்கும் சரோஜத்திடம் சொல்லிவிட்டுப் போனாள், திரும்பி வந்தபோது சரோஜம் சொன்னாள், "அதுக்குப் பசியே இல்லியே சேச்சி, நான் போவும்போதெல்லாம் வயிறு நெறஞ்சு ஒறங்கிக் கெடந்துது." எலி பிடித்துத் தின்றிருக்கும் என்று நினைத்தாள். எலியா? முட்டையின் பேரைச் சொன்னால் இலையைவிட்டு எழுந்துவிடும் மனுஷர், கொட்டாங்கச்சியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து... அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் உடைத்திருப்பாரோ? அவர் வேட்டியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்ததைத் தலையணைப் பஞ்சு என்று தட்டித் தட்டித் துவைத்தாளே, எத்தனை மாதம்.

ஆனால் அதற்குப் பிறகு தம்பானூர் ஸ்டேஷன் பக்கம், அவன் ஏறிப்போன ரயில் ஊதும் சத்தம் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. இதை மடியில் வைத்துக் கொஞ்சத் தெரிகிறது, பெற்ற பிள்ளைக்கு ஒரு கார்டு போடத் தெரியவில்லையா? இது பதில் பேசாது, அதனால் சுலபமாக இருக்கிறதோ. பேசினால் குரல் உடைந்துவிடும் என்று தெரிந்துதான் வீட்டில் பேச்சையே நிறுத்தினாரோ, நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, நானும் பதிலுக்குக் கோபமாக இருந்து... ஒரே வீடு, ஒரே விறகுப்புரை, நான் காலையிலும் மத்தியானத்திலும், அவர் நான் இல்லாத நேரத்தில், முறைவைத்துக்கொண்டு போகிறமாதிரி போயிருக்கிறோம். அவனை நினைத்து நான் அழுவது அவருக்குத் தெரியக் கூடாது என்று நான் அங்கே போனேன். அவர்? என்னிடமிருந்து மறைக்க அப்படி என்ன இருக்கிறது, நான் என்ன அந்நியமா, அவனை நானும்தானே பெற்றேன்... ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்குச் சாயந்தரம் கேட்டுவிடவேண்டும், சாப்பாடு போடும்போது, நேராக. டாக்டர் பஞ்சில் துடைத்துக் காட்டினார் என்று சொல்லவேண்டும். சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும்? அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள், பிடிபட்ட முகம், கச்சேரியில் தப்புக் கணக்கு எழுதி மாட்டிக்கொண்டவர் மாதிரி... வேண்டாம். சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருப்பதற்கும் இவ்வளவு நாள் இருந்ததற்கும் என்ன வித்தியாசம்? பெட்டிக்குள் தும்பை புரண்டு படுத்தது. மூடிக்குமேல் கையை வைத்துக்கொண்டாள்.

மணக்காட்டில் வீட்டு வாசலில் இறங்கும்போதே தெரிந்தது, கதவு திறந்திருந்தது. குடை உள்ளே சாய்த்து வைக்கப்பட்டு, அதிலிருந்து வழிந்த நீர் நடையெல்லாம் ஓடியிருந்தது. மத்தியானம்கூட ஆகவில்லையே, கச்சேரியிலிருந்து பாதியில் வருகிற மனுஷரா இவர். கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். விறகுப்புரைக் கதவு அகலத் திறந்துகிடந்தது. உள்ளே விறகெல்லாம் கலைந்து, வைக்கோல் வெளியே இழுத்துப்போடப்பட்டிருந்தது. பூதலிங்கம் பிள்ளை தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில், கச்சேரிக் கோட்டோடு, தலையெல்லாம் நனைந்து நின்றுகொண்டிருந்தார். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து வேறோர் இடத்தை, காலால் மண்ணை அமுக்கி அமுக்கி. வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. "எங்கட்டி புதைச்ச?" என்றார். அந்தக் குரல் அவளுக்கு ஒரு நிமிஷம் யாருடையது என்றே விளங்கவில்லை, அவ்வளவு சின்னதாக இருந்தது.

"புதைக்கல்ல," என்றாள். "இந்தா, பெட்டிக்குள்ள இருக்கு." அவர் பெட்டியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தலையிலிருந்து வழிந்த தண்ணீரை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, பழைய குரலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். "கிணத்துப் பக்கமா புதைச்சா தண்ணி கெட்டுப்போவும்லா. அதுக்காக்கும் கேட்டது." "அதான பாத்தேன்," என்றாள் அவள். எவ்வளவோ வைத்திருந்தாள் சொல்வதற்கு, பஞ்சு, பொடி, முகத்தோட முகம், கோயிலுக்குப் போ போ என்று விரட்டியது, எல்லாம் வாய்வரை வந்து நின்றன. இருவருக்கும் நடுவில் தென்னையோலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "சாகாதாம். சாதா ஜுரந்தானாம். ஒரு வாரத்துல எந்திச்சு ஓடுமாம்." அவர் சரி என்கிறமாதிரி தலையை அசைத்தார், அசைத்த தலை நிற்காமல் அசைந்துகொண்டேயிருந்தது. "ஜுரம் எங்கேருந்து வந்துதாம்?" என்று கேட்டார், கேட்டுவிட்டு விறகுப்புரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அந்த நனைந்த முதுகைப் பார்த்தாள், ஜுரத்திலிருந்து எழுந்து முழுசாகத் தேறாத முதுகு, கோட்டு தோளில் தொங்கிற்று. "மழையில்லா, காத்துல வந்திருக்கும்னாரு டாக்டர்."

"தலைய தொவட்டுங்கோ, மறுபடியும் ஜுரத்த இழுத்து வச்சிராதீங்கோ" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, அவள் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்தது, "இதக் கொஞ்சம் பிடியுங்கோ, பாலு காய்ச்சணும். தரையில வச்சா ஈரம்" என்று ஓலைப்பெட்டியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் பின்வாங்குவது மாதிரி ஓர் அடி வைத்தார், பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், வாழ்நாளில் இந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை என்பதுபோல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு. "கடிக்காதுல்லா?" என்றார். "கடிக்காது" என்றாள். அடுக்களைக்குள் வந்து விறகைத் தள்ளி ஊதினாள், புகை கண்ணில் அடித்தது, நல்லதாயிற்று. பால் சூடேறும்போது பின்கட்டிலிருந்து பெட்டியின் மூடி உரசும் சத்தம் கேட்டது. ஒரு தும்மல், சின்னது. அதன்பின் அவர் குரல், தணிவாக, ஏதோ கேட்கிறது, பதில் சொல்கிறது, மறுபடி கேட்கிறது, ஏற்றமும் இறக்கமுமாக, இரண்டு பேர் பேசுகிறமாதிரி... கத்திரிக்காய் வாங்கின கதை சொல்லும் குரல். அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்? அவள் வைத்த பேர் அவருக்குத் தெரியாது, அவர் முன்னால் அவள் அந்தப் பேரைச் சொன்னதேயில்லை. காதைத் தீட்டிக்கொண்டாள். மழை திரும்பவும் ஓட்டின்மேல் பிடித்துக்கொண்டது, பேர் மட்டும் காதில் விழவில்லை. பாலை இறக்கிக் கொட்டாங்கச்சியில் ஊற்றி விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடு, சரியான சூடு, எடுத்துக்கொண்டு நிலைப்படிவரை வந்தாள். அங்கே நின்றாள். இப்போது வளையல் குலுங்கினால் அந்தக் குரல் நின்றுபோகும். ஒரு கையால் மறு கை வளையல்களைப் பிடித்துக்கொண்டாள். கொட்டாங்கச்சியில் பால் ஆறிக்கொண்டிருந்தது, அவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தால் போதும் என்று அவளுக்குத் தெரியவில்லை.